கேமரா போனைப் பார்த்து எதைக் காப்பியடிக்கணும்?

காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை விடிகாலை மீன் ஏலம் நடக்கும்போது ஒருத்தர் கையும் காய்ந்திருக்காது. மீன் தண்ணி, ஐஸ் தண்ணி, கடல் தண்ணி மூணும் கலந்த ஈரம். போன மாதம் அங்கே போயிருந்தேன். சங்கரா கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா, பணம் ஏறிடுச்சா என்று பார்க்கப் போனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். விரலை வைக்கிறார், திரை அசையவில்லை. சேலையில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார், வேறு என்னவோ திறக்கிறது. கடைசியில் பக்கத்தில் நின்ற என்னிடம் நீட்டினார். "தம்பி, நீ கொஞ்சம் பாருப்பா. என் கைக்கு இது மசிய மாட்டேங்குது."

என் கையும் ஈரம்தான். ஆனால் கழுத்தில் தொங்கிய பழைய கேமராவில் ஒரு டயலை இரண்டு சொடுக்கு திருப்பி, பட்டனை அழுத்திப் படம் எடுப்பதில் எனக்கு ஒரு சிக்கலும் இல்லை. திரையைப் பார்க்கக்கூட இல்லை.

தனிக் கேமராக்கள் ஸ்மார்ட்போன் மாதிரி ஆகணுமா என்ற கேள்வியைச் சில மாதங்களாகக் குறிப்பெடுத்துக்கொண்டு வருகிறேன். காசிமேட்டுக் காட்சியை மட்டும் வைத்துக்கொண்டால் பதில் சுலபம்: வேண்டவே வேண்டாம். ஆனால் 2023 டிசம்பரில் எண்ணூரில் எனக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிர். அங்கே என் கேமரா தோற்றது, ஒரு சாதாரண போன் ஜெயித்தது. இரண்டையும் சேர்த்து வைத்து யோசித்ததுதான் இந்தக் கட்டுரை.

கேள்வி எங்கிருந்து வருகிறது?

ஜப்பானியக் கேமரா தயாரிப்பாளர்களின் சங்கமான சிப்பா ஆண்டுதோறும் கணக்கு வெளியிடுகிறது. 2010-ல் உலகம் முழுக்க அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கு மேல். 2023-ல் ஏறத்தாழ 77 லட்சம். பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சியது. காணாமல் போனதில் பெரும்பங்கு சட்டைப்பையில் போடுகிற சின்ன கேமராக்கள். அந்த இடத்துக்குப் போன் வந்துவிட்டது.

இன்றைக்கு இருபது வயதில் இருப்பவர் முதன்முதலில் படம் எடுத்தது போனில்தான். அவர் கையில் ஒரு கேமராவைக் கொடுத்தால் மெனுவைத் திறந்த உடனே தலை சுற்றுகிறது. பக்கம் பக்கமாகப் பட்டியல், பாதி வார்த்தைகள் புரியாது, எடுத்த படத்தை வீட்டுக்கு அனுப்பவே ஒரு பயிற்சி தேவை. "அப்போ கேமராவையும் போன் மாதிரி ஆக்கிட்டா என்ன?" என்று கேட்பது நியாயமான கேள்விதான். அதை ஏற்கெனவே சிலர் செய்து பார்த்தும் இருக்கிறார்கள்.

முயன்று பார்த்தவர்கள்

2012-ல் நிக்கான் கூல்பிக்ஸ் எஸ்800சி என்று ஒரு கேமரா வந்தது. பின்பக்கம் முழுக்க ஆண்ட்ராய்டு. ஆப் போடலாம், நேராக இணையத்தில் ஏற்றலாம். ஆனால் அதில் இருந்தது ஆண்ட்ராய்டு 2.3. அது கடைக்கு வரும்போதே போன்களுக்கு 4.1 வந்துவிட்டது. பிறந்த அன்றைக்கே கிழடு.

அதே ஆண்டு சாம்சங் கேலக்ஸி கேமராவைக் கொண்டுவந்தது. 4.8 அங்குலத் தொடுதிரை, 21 மடங்கு ஜூம். 2013-ல் லென்ஸ் மாற்றக்கூடிய கேலக்ஸி என்எக்ஸ். சில ஆண்டுகளில் சாம்சங் தனிக் கேமரா தொழிலையே விட்டு விலகியது. 2018-ல் சைஸ் நிறுவனம் இசட்எக்ஸ்1 என்ற கேமராவை அறிவித்தது. உள்ளேயே லைட்ரூம், 512 ஜிபி சேமிப்பு, வழவழப்பான பெரிய திரை. கடைக்கு வந்தது 2020-ல். விலை 6000 டாலர். அதற்கு வாரிசு எதுவும் வரவில்லை.

ஒவ்வொன்றும் விழுந்ததற்குத் தனித்தனிக் காரணங்கள் உண்டு: விலை, பேட்டரி, விற்பனை. ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு காரணம் எனக்குத் தெரிகிறது. லென்ஸும் மென்பொருளும் ஒரே வேகத்தில் கிழடு தட்டுவதில்லை. 1959-ல் வந்த நிக்கான் எஃப் மவுன்ட் லென்ஸ்களில் பலவற்றை இன்றைக்கு வரும் கேமராவில் அடாப்டர் போட்டு மாட்டலாம். பத்து வருஷப் பழைய ஆண்ட்ராய்டில் பாதி ஆப் திறக்காது. ஐம்பது வருஷம் உழைக்கிற பொருளை ஐந்து வருஷப் பொருளோடு ஒட்டினால் மொத்தமும் ஐந்து வருஷப் பொருளாகிவிடுகிறது.

கண்ணாடியில் என்ன சிக்கல்?

இப்போது காசிமேட்டு அக்காவின் போனுக்கு வருவோம். இன்றைய தொடுதிரைகள் அழுத்தத்தை உணர்வதில்லை. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திகள் வலை மாதிரி ஓடுகின்றன. விரல் பக்கத்தில் வந்தால் அந்த இடத்தில் மின்னூட்டம் கொஞ்சம் மாறும். எங்கே மாறியது என்று கணக்குப் போட்டுத்தான் நீங்கள் தொட்ட இடத்தைப் போன் கண்டுபிடிக்கிறது. உப்புத் தண்ணி மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். திரைமேல் அது பரவிக் கிடந்தால், விரல் எது, தண்ணி எது என்று போனுக்குக் குழப்பம். ஈரத்திலும் வேலை செய்யும்படி சில புதிய போன்களில் மென்பொருளைத் திருத்தியிருக்கிறார்கள். ஆனாலும் ஒரு உலோக டயலுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது.

ஈரம் பாதிக் கதைதான். மீதிப் பாதி கண். கண்ணாடிமேல் மேடு பள்ளம் இல்லாததால், எங்கே தொடுகிறோம் என்று ஒவ்வொரு முறையும் பார்த்தாகணும். டயல் அப்படியில்லை. கேமரா அணைந்திருக்கும்போதுகூட எந்த எண்ணில் நிற்கிறது என்று தெரியும். திருப்பும்போது 'டிக்' என்று விரலுக்குச் சொல்லும். கண் முழுக்கக் காட்சிமேல் இருக்கலாம். கூடையைத் தூக்கித் தலையில் வைக்கிற அந்த ஒரு நொடியைப் பிடிக்கணும்னா இது பெரிய வித்தியாசம்.

துறைமுகத்துப் பக்கம் வாழ்கிறவர்களுக்கு உறைக்கிற ஒரு உதாரணம் சொல்கிறேன். 2017 ஆகஸ்ட் 21 அன்று சிங்கப்பூர் அருகே அமெரிக்கக் கடற்படையின் ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற போர்க்கப்பல் ஒரு எண்ணெய்க் கப்பலோடு மோதியது. 10 மாலுமிகள் இறந்தார்கள். அந்தக் கப்பலில் சுக்கானையும் வேகத்தையும் தொடுதிரையில் கட்டுப்படுத்தும்படி அமைத்திருந்தார்கள். கட்டுப்பாட்டை ஒரு மேசையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது எது யார் கையில் இருக்கிறது என்று குழப்பம். இரண்டு சுழலிகளின் வேகத்தையும் குறைத்ததாக நினைத்து ஒன்றை மட்டும் குறைத்தார்கள். கப்பல் ஒரு பக்கம் திரும்பிவிட்டது. பயிற்சிக் குறைவும் களைப்பும் காரணங்களில் சேரும். ஆனாலும் 2019-ல் அமெரிக்கக் கடற்படை, இந்த வகைக் கப்பல்களில் வேகக் கட்டுப்பாட்டுக்கு மறுபடியும் கைப்பிடி நெம்புகோல்களையே வைப்பதாகச் சொன்னது. கையால் தொட்டாலே இரண்டும் ஒரே நிலையில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும் அல்லவா?

வேடிக்கை என்னவென்றால், போன்காரர்களே இப்போது கேமரா பக்கம் திரும்புகிறார்கள். 2024 செப்டம்பரில் வந்த ஐபோன் 16-ல் படம் எடுப்பதற்கென்றே பக்கவாட்டில் தனி பட்டன் வைத்தார்கள். நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அசெம்பிள் ஆகிற போனிலேயே ஷட்டர் பட்டன் திரும்பி வந்தாச்சு. இந்த நேரத்தில் கேமரா தன் பட்டன்களைத் தூக்கிப் போட்டால் எப்படி?

எண்ணூர், டிசம்பர் 2023

இதுவரை படித்தால் நான் கேமரா கட்சி மாதிரி தெரியும். இனிமேல் என் கேமராவின் தோல்வி.

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். மழை வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெயும் சேர்ந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆறு கடலில் சேர்கிற எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. படகு, வலை, வீட்டுச் சுவர், கண்டல் வேர் எல்லாவற்றிலும் கருப்பு ஒட்டியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து விசாரித்தது. 2017 ஜனவரி 28-ல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, பக்கெட்டில் அள்ளினார்களே, அந்தக் காட்சி ஆறு வருஷத்தில் வேறு விதமாகத் திரும்பி வந்திருந்தது.

நான் திருவொற்றியூரிலிருந்து கேமராவைத் தூக்கிக்கொண்டு போனேன். மூன்று நாள், இருநூற்றுச் சொச்சம் படங்கள். தெரிந்த மீனவ அண்ணன் ஒருத்தர், "எந்தத் தேதில எது வரைக்கும் வந்துச்சுன்னு காட்டணும் தம்பி, போட்டோவைக் குடு" என்று கேட்டிருந்தார். குப்பத்துக்காரர்கள் மனுவோடு இணைப்பதற்காக.

வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் எல்லாப் படத்திலும் பல வருஷத்துக்கு முந்தைய ஒரு ஜனவரி 1!

காரணம் சாதாரணமானது. கேமராவின் கடிகாரத்துக்கு உள்ளே ஒரு குட்டி பேட்டரி உண்டு. பெரிய பேட்டரியிலிருந்துதான் அது சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். நான் மாதக்கணக்கில் பெரிய பேட்டரியைக் கழற்றி வைத்திருந்தேன். குட்டி பேட்டரி செத்து, கடிகாரம் பிறந்த நாளுக்குத் திரும்பிவிட்டது. ஆன் பண்ணியதும் தேதி கேட்டிருக்கும். அவசரத்தில் தாண்டிப் போயிருப்பேன். இடம் எதுவும் பதிவாகவில்லை, ஏனென்றால் என் கேமராவில் ஜிபிஎஸ் கிடையாது. போனோடு ப்ளூடூத்தில் இணைத்தால் நேரத்தையும் இடத்தையும் வாங்கிக்கொள்ளும் என்று ஒரு ஆப் உண்டு. அது எப்போது இணையும், எப்போது அறும் என்று அதற்கே தெரியாது.

என் படங்கள் தெளிவாக இருந்தன. சுவரில் எண்ணெய் ஏறிய கோட்டை அங்குலம் அங்குலமாக எண்ணலாம். ஆனால் அண்ணன் கடைசியில் எடுத்துக்கொண்டது அவர் வீட்டுக்குப் பக்கத்துத் தம்பி ஒருவன் சாதாரண போனில் எடுத்த பதினேழு படங்களை. ஒவ்வொன்றிலும் நாள், மணி, இடம் எல்லாம் தானாகவே எழுதியிருந்தது. "உன்னுது சூப்பராத்தான் கீது தம்பி. ஆனா அது என்னிக்கு எடுத்ததுன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?" என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

எண்ணெய் எங்கிருந்து வந்தது, எப்போது எது வரை பரவியது என்பதெல்லாம் வாதத்துக்கு உட்பட்ட விஷயங்கள். அப்படிப்பட்ட இடத்தில் தேதி இல்லாத படம் அழகான படம், அவ்வளவுதான்.

போன் சத்தமில்லாமல் செய்வது

போனின் உண்மையான பலம் திரைக்குப் பின்னால் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. போன் தன் நேரத்தை மொபைல் நெட்வொர்க்கிலிருந்தும் இணையத்திலிருந்தும் வாங்கிக்கொள்கிறது. நீங்கள் கடிகாரத்தைத் தொடவே வேண்டாம். ஒவ்வொரு படத்துக்குள்ளும் எக்ஸிஃப் என்ற தகவல் பகுதி இருக்கும். எடுத்த நேரம், லென்ஸ் விவரம், இடம் எல்லாம் அதில்தான் பதிகிறது. நேரத்தோடு கூட இது இந்திய நேரம், அதாவது +05:30 என்று குறிக்கும் வசதி எக்ஸிஃபுக்கே 2016-ல்தான் வந்தது. போன்கள் அதைத் தாமாகவே நிரப்புகின்றன.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நகர்கிறது. 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய சாட்சிய அதிநியம் நடைமுறைக்கு வந்தது. மின்னணுப் பதிவை ஆதாரமாகக் கொடுப்பதற்கு அதன் 63-வது பிரிவு ஒரு சான்றிதழ் கேட்கிறது. அந்தப் படிவத்தில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் எழுதணும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. எஸ்எச்ஏ-256 என்ற முறையில் 64 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரிசை வரும். படத்தில் ஒரு புள்ளியை மாற்றினாலும் வரிசை முழுக்க மாறிவிடும்.

போன் படம் என்றால் எல்லாம் பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படத்தை அனுப்பினால் அது சுருக்கப்படும், நேரமும் இடமும் கழன்று போகும். போனது போனதுதான். 'டாகுமென்ட்' ஆக அனுப்பினால்தான் கோப்பு அப்படியே போய்ச் சேரும். அந்தத் தம்பியிடம் நான் உருப்படியாகச் சொன்னது இது ஒன்றைத்தான்.

போனின் இன்னொரு முகம்

அப்போ போனே போதுமே, கேமரா எதற்கு? அந்தப் பதினேழு படங்களையும் என் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அதற்கும் பதில் கிடைத்தது. போன் படத்தில் எண்ணெய் கருப்பாக இல்லை, சாம்பல் நிறச் சேறு மாதிரி இருந்தது.

போன் ஒரு படம் எடுப்பதாக நாம் நினைக்கிறோம். அது அடுத்தடுத்துப் பல படங்கள் எடுத்து ஒன்றாகக் கலக்கிறது. இருட்டான இடத்தைத் தூக்கி, வெளிச்சத்தை அமுக்கி, கண்ணுக்கு இதமாக ஆக்குகிறது. குடும்பப் படத்துக்கு அருமை. கருப்பே செய்தியாக இருக்கிற இடத்தில் அது செய்தியை மாற்றிவிடுகிறது. 2020 செப்டம்பர் 9 அன்று காட்டுத்தீப் புகையால் சான் பிரான்சிஸ்கோ வானம் ஆரஞ்சு நிறமானபோது பலருடைய போன்கள் அதைச் சாம்பல் நிறமாகக் காட்டின. வானம் ஆரஞ்சாக இருக்காது என்று தானியங்கி நிறச் சமன்பாடு முடிவு செய்துவிட்டது. ஜனங்கள் தங்கள் கண்ணால் பார்த்ததைத் தங்கள் போனாலேயே நிரூபிக்க முடியவில்லை. புகையும் சாம்பலும் எண்ணெயும் நிறமாகத்தான் தெரிகிற எண்ணூர் மாதிரி ஊரில் இது சின்ன விஷயமில்லை.

கேமராவில் நிறச் சமன்பாட்டை 'பகல் வெளிச்சம்' என்று பூட்டி, ரா கோப்பாக எடுத்தால் அந்த யூகம் நடக்காது. போனிலும் இதைச் செய்ய முடியும், ஆனால் தேடிப்போய் அமைக்கணும். பெரிய சென்சாரின் பலம் வேறு: முழுச் சட்டகக் கேமராவின் சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர், அதாவது 864 சதுர மில்லிமீட்டர். நல்ல போனின் முக்கியச் சென்சார்கூட அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ராத்திரியில், யூகம் இல்லாமல், இருக்கிற வெளிச்சத்தை மட்டும் வைத்துப் படம் எடுக்க அந்த இடம் தேவைப்படுகிறது.

அப்போ எதைக் காப்பியடிக்கலாம்?

படம் எடுக்கிற அந்த நொடி வரைக்கும் கேமரா கேமராவாகவே இருக்கட்டும். டயல், பட்டன், வியூஃபைண்டர், ஈரக் கை. அழுத்தி முடித்த பிறகு நடப்பதைப் போனிடமிருந்து கற்றுக்கொள்ளட்டும். என் பட்டியல் சின்னதுதான்:

1. கடிகாரம் தப்பாக இருந்தால் அதைச் சொல்லணும். தேதி வைக்காமல் தாண்டிப் போனால், ஒவ்வொரு படத்தின்மேலும் சிவப்பாக ஒரு எச்சரிக்கை வரட்டும்.

2. ஜிபிஎஸ் உள்ளேயே இருக்கட்டும். நேரமும் இடமும் வானத்திலிருந்து வந்துவிடும், ஆப் தேவையில்லை. வேண்டாதவர்கள் அணைத்துக்கொள்ளட்டும். போராட்டக் களத்தில் இருப்பவர்களுக்கு இடம் பதியாமல் இருப்பதும் பாதுகாப்புதான்.

3. எடுத்த கணத்திலேயே கோப்புக்குக் கையொப்பம் இடணும். 2023 அக்டோபரில் வந்த லைக்கா எம்11-பி இதைச் செய்கிறது. சாதாரண விலைக் கேமராவுக்கும் அது வரணும். ஆனால் முதல் விஷயம் சரியில்லை என்றால் கையொப்பம் தப்பான தேதிக்குத்தான் விழும்.

4. மெனு குறையணும். 2025-ல் வந்த சிக்மா பிஎஃப் விரல்விட்டு எண்ணக்கூடிய பட்டன்கள், ஒரு டயல், 230 ஜிபி உள்சேமிப்பு என்று வந்தது. போனின் எளிமை இருக்கிறது, கண்ணாடியை மட்டும் நம்பவில்லை. அதில் எனக்குப் பிடிக்காதவையும் உண்டு, ஆனால் போகிற திசை சரி.

புதுக் கேமரா வாங்க என்னிடம் காசு இல்லை. அதனால் பழசிலேயே ஒரு வேலை செய்கிறேன். எங்கே போனாலும் என் முதல் படம் போனின் கடிகாரம்தான். நொடி தெரியும்படி திரையில் வைத்து அதைக் கேமராவில் ஒரு படம் எடுத்துவிடுவேன். கேமராவின் நேரம் எவ்வளவு தப்பு என்று அந்த ஒரு படமே சொல்லிவிடும். வீட்டில் மூலக் கோப்புகளைத் தொடாமல் வைத்துவிட்டு, ஹாஷ் எடுத்துக் குறித்துக்கொண்டு, பிரதியில் மட்டும் நேரத்தைத் திருத்துகிறேன்.

போன வாரம் முகத்துவாரத்தில் இதைச் செய்துகொண்டிருந்தபோது அந்த அண்ணன் பார்த்துவிட்டார்.

"இன்னா தம்பி, போனையே போட்டோ எடுத்துக்கினு கீற?"

"டைம் பாத்துக்குறேண்ணா."

சிரித்தார். "அப்போ இந்தத் தபா உன்னுதையே வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் படகைத் தள்ளப் போனார்.